புக்காவும் அறிதுயிலும்

சுங்கைப்பட்டாணிப் பக்கம் ஓர் அம்மா நகையைப் பறிகொடுத்தால், பொழுது சாய்வதற்குள் செய்தி இப்படித்தான் பரவும்: "அக்கா, அவன் புக்காவ் போட்டுட்டானாம். அவங்களே வளையலைக் கழற்றிக் கொடுத்துட்டாங்களாம்." அடுத்த வீட்டில் அதுவே "ஹிப்னாடிசம் பண்ணிட்டான்" ஆகும். கொஞ்சம் வயதானவர் வாயில் "வசிய மருந்து". நடந்தது ஒன்று, பெயர் மூன்று. மூன்றையும் ஒரே பொருள் என்று நினைத்துத்தான் நாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

புக்காவ் மலாய்ச் சொல். திருடன் வீட்டாரை எழவிடாமல் தூங்கவைக்கும் வித்தை என்பது கம்பத்து வழக்கு. அதில் மந்திரம் மட்டுமல்ல, மயக்கப்பொடியும் அடக்கம். அந்தப் பொடிக்குச் சொல்லப்படும் சரக்கு கெச்சுபோங், அதாவது நம் ஊமத்தை. கிளந்தானில் பணியாற்றிய மருத்துவர் ஜான் கிம்லெட், மலாய் நஞ்சுகளைப் பற்றி 1915-இல் வெளியிட்ட நூலில் இந்தச் செடிக்கும் இடம் உண்டு. ஊமத்தை உள்ளே போனால் கண்மணி விரியும், வாய் உலரும், பேச்சு குழறும், நடந்தது நினைவில் நிற்காது. இதில் மனத்தின் வேலை ஒன்றுமில்லை, சுத்தமான நஞ்சு. இன்றைய நகைக் கதைகள் பலவற்றில் அந்தப் பொடிகூட இருக்காது என்பது என் சந்தேகம். வாய்ச் சாமர்த்தியத்தில் ஏமாந்தேன் என்று சொல்ல வெட்கம். புக்காவ் என்றால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

வசியம் நம்மோடு கப்பலில் வந்தது. 'வசம்' என்ற வடசொல்லின் வழி வந்த அது, மாந்திரிக நூல்கள் பேசும் அட்டகர்மங்களில் ஒன்று. தோட்டத்து லயத்தில் புருஷன் கள்ளுக்கடையே கதியென்று கிடந்தாலும், மகள் பக்கத்துத் தோட்டத்துப் பையனோடு போய்விட்டாலும், "மருந்து வச்சிட்டாங்க" என்ற ஒரே வார்த்தையில் விசாரணை முடிந்துவிடும்.

ஹிப்னாடிசம் என்ற மூன்றாவது பெயரின் கதை வியன்னாவில் தொடங்குகிறது. பிரான்ஸ் ஆன்டன் மெஸ்மர் என்ற மருத்துவர், உடலுக்குள் ஒரு காந்தப் பாய்மம் ஓடுவதாகவும், அதைத் தம் கையால் சீராக்கி நோய் நீக்கமுடியும் என்றும் பாரிஸில் கடைவிரித்தார். 1784-இல் பிரெஞ்சு அரசர் அமைத்த குழுவில் பெஞ்சமின் பிராங்க்ளினும் லவாசியேவும் இருந்தார்கள். பாய்மம் எதுவும் இல்லை, எல்லாம் கற்பனையின் விளைவு என்று அவர்கள் எழுதினார்கள். கற்பனைக்கு அத்தனை வலு எங்கிருந்து வந்தது என்று அவர்கள் மேற்கொண்டு கேட்கவில்லை. மெஸ்மரிசம் என்ற பெயர் மட்டும் தங்கிவிட்டது.

அது பெரிய அளவில் அறுவை அறைக்குள் நுழைந்தது வங்காளத்தில். 1845 ஏப்ரலில் ஹூக்ளியில் ஜேம்ஸ் எஸ்டெயில் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், விரைவீக்கத்தால் துடித்த ஒரு கைதிக்கு இதைச் செய்து பார்த்தார். பிறகு இதுவே அவர் முறையானது. நோயாளியை இருட்டறையில் படுக்கவைப்பார்கள். இந்திய உதவியாளர் ஒருவர் தலைமாட்டில் இருந்துகொண்டு, உடம்புக்கு மேலாகக் கைகளை மணிக்கணக்கில் ஓட்டுவார். நோயாளி மரத்துக் கிடந்தபின் எஸ்டெயில் கத்தியோடு வருவார். யானைக்கால் நோயால் வந்த பெரிய பெரிய கட்டிகளை இப்படியே அறுத்தெடுத்தார். மறு ஆண்டே கல்கத்தாவில் இதற்கென ஒரு மருத்துவமனை திறந்தது. ஆனால் ஈதரும் குளோரோபாமும் வந்ததும், சில நிமிடத்தில் முடிகிற வேலைக்கு யார் மணிக்கணக்கில் கை ஓட்டுவார்கள்?

இதற்குச் சற்று முன், மான்செஸ்டர் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு 1841-இல் ஒரு மேடைக் காட்சியைப் பார்த்தார். சூட்சுமம் செய்பவன் கையில் இல்லை, பார்ப்பவனின் கவனம் ஒரே புள்ளியில் குவிவதில்தான் இருக்கிறது என்று கண்டுகொண்டார். 1843-இல் எழுதிய நூலில், உறக்கத்தைக் குறிக்கும் ஹிப்னோஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து அதற்குப் பெயர் சூட்டினார்.

இன்றைய சிகிச்சையும் பிரெய்டு கண்ட வழியில்தான் நடக்கிறது. நோயாளி நாற்காலியில் சாய்ந்து சுவரில் ஒரு புள்ளியைப் பார்ப்பார். மூச்சை மெல்ல விடுவார். சொல்லப்படும் காட்சிக்குள் போவார். ஐம்பது வயதுவரை ரப்பர்ப் பால் வெட்டிய ஒருவரிடம் கடற்கரையைக் கற்பனை செய்யச் சொல்வதைவிட, விடியுமுன் தலைவிளக்கோடு நிரையில் நின்று மங்கில் பால் சொட்டுவதைப் பார்க்கச் சொன்னால் சீக்கிரம் ஆழ்வார். அந்த நிலையில் "வயிறு இளகுகிறது" போன்ற யோசனைகள் பதியும். அவருக்குக் காது கேட்கும்; பிடிக்காததை மறுக்கலாம்; வேண்டாமென்றால் எழுந்து போகலாம். எல்லாருக்கும் ஒரே அளவில் இது பிடிபடாது. குடல் எரிச்சல் நோய்க்கு இது உதவுவதை 1984-இல் லான்செட் இதழில் எழுதிய பீட்டர் வோர்வெல்லும் மான்செஸ்டர்காரரே. வலி, பதற்றம் ஆகியவற்றுக்கும் துணைச்சிகிச்சையாகப் பயன்படுகிறது. தாலிக்கொடியை எங்கே வைத்தேன் என்று நினைவைத் தோண்ட மட்டும் போகக்கூடாது; நடக்காததும் நடந்ததாகத் தோன்றிவிடும். இல்லாத குரல் கேட்கும் அளவுக்கு மனநோய் முற்றியவர் முதலில் மனநல மருத்துவரைப் பார்க்கவேண்டும். இதைச் செய்வதாக ஆலோசகர் என்று பலகை மாட்டியவரிடம், மலேசியாவின் 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி பதிந்தவரா என்று கேட்பதில் தப்பில்லை.

தமிழில் இதற்கு மனோவசியம் என்ற பெயர் பரவியது கெட்ட நேரம்தான். வசியம் ஒட்டிக்கொண்டதால், "நம்மை அடக்கிவிடுவான்" என்ற பயமும் சேர்ந்தே வந்தது. கூச்சமில்லாமல் பல் மருத்துவரிடம் போகிறவர்கூட இதற்கு யோசிப்பார். அறிதுயில் என்று எழுதுகிறவர்களும் உண்டு. சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதையில், பாம்பணையில் கிடக்கும் திருமாலுக்கு வந்த சொல் அது: உறங்குவதுபோல் கிடந்தும் அறிவு விழித்திருக்கும் நிலை. என் வாக்கு இதற்குத்தான், துயில் என்ற பாதி சரியில்லை என்றாலும். அந்தச் சங்கடம் பிரெய்டுக்கும் இருந்தது. இது உறக்கமே அல்ல என்று உணர்ந்து, 1847-இல் 'ஒற்றை எண்ணம்' என்று பொருள்படும் வேறொரு பெயரை முன்வைத்தார். அதை யாரும் சீந்தவில்லை. அவர் கைவிட நினைத்த பெயர்தான் உலகம் சுற்றியது.