தழைச்சத்து போன பாதை: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் நகர உரத்தின் வரலாறு

முன்னுரை

கடலூர் நகராட்சி 1866இலும் சிதம்பரம் நகராட்சி 1873இலும் அமைந்தன. கடலூர் 2021இல் மாநகராட்சியானது. இந்த ஒன்றரை நூற்றாண்டில் குப்பை அள்ளுவது உள்ளாட்சியின் கடமையாக நிலைத்துவிட்டது. அள்ளியதை எருவாக்கி வயலுக்கு அனுப்பும் முயற்சி அப்படி நிலைக்கவில்லை. தமிழக நகரங்கள் பலவற்றிலும் இதே கதைதான். நிதிப் பற்றாக்குறை, இயந்திரக் கோளாறு ஆகியவற்றைக் காரணம் காட்டுவது வழக்கம். குப்பைக்குள் தழைச்சத்து எங்கிருந்து வந்தது, எப்போது போனது என்று பார்த்தால் இந்த ஏற்ற இறக்கம் இன்னும் தெளிவாக விளங்கும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

இந்தூர் முறையும் பெங்களூர் முறையும்

எருக்குழி உழவர்களுக்குப் புதிதல்ல. அதை அளவும் கணக்கும் உள்ள முறையாக்கியவர்கள் இந்தூரில் பணியாற்றிய ஆல்பர்ட் ஹோவர்டும் யஷ்வந்த் வாடும். அவர்களது நூல் 1931இல் வெளிவந்தது. தழை, சாணம், மண் ஆகியவற்றை அடுக்கி, காற்றுப் படும்படி புரட்டினால் சுமார் 3 மாதத்தில் எரு கிடைக்கும். ஆனால் புரட்ட ஆள் வேண்டும்.

ஆள்கூலியைக் குறைக்கும் வழியைப் பெங்களூரில் சி. என். ஆச்சார்யா வகுத்தார். நீண்ட குழியில் தெருக்குப்பையையும் மலக்கழிவையும் மாற்றி மாற்றிப் பரப்பி, மேலே மண்ணால் மூடிவிடுவது பெங்களூர் முறை. முதல் சில நாள் குழி சூடேறும். பிறகு மெல்ல மட்கி 5, 6 மாதத்தில் எருவாகும். உணவுப் பஞ்சம் நிலவிய 1940களில் இம்முறை நகராட்சிகளிடையே பரவியது. தெருக்குப்பையில் கரிமம் அதிகம், தழைச்சத்து குறைவு; அந்தக் குறையை ஈடுகட்டியது மலக்கழிவு. அதைக் கையால் அள்ளித் தலையில் சுமந்தவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியினர். மலிவான நகர எருவின் உண்மையான விலையை அவர்களே கொடுத்தார்கள்.

கழிவுத்தொட்டிக் கழிப்பறைகள் பெருகியதும், கையால் மலம் அள்ளுவதை 1993, 2013ஆம் ஆண்டுச் சட்டங்கள் தடைசெய்ததும் நியாயமான மாற்றங்கள். அத்தோடு குப்பைக் குழிக்கு வந்த தழைச்சத்தும் நின்றது. அந்த இடத்தை வேறு எதைக் கொண்டு நிரப்புவது என்று உரக்கிடங்குகள் யோசிக்கவில்லை.

நெய்வேலி யூரியா

வாங்குவோர் பக்கமும் மாறியது. பழுப்பு நிலக்கரியிலிருந்து யூரியா தயாரிக்கும் ஆலை 1966இல் நெய்வேலியில் இயங்கத் தொடங்கியது. யூரியாவில் தழைச்சத்து 46 விழுக்காடு. நகர உரத்துக்கு 2016ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் கேட்ட குறைந்தபட்ச அளவு 0.8 விழுக்காடு. அன்றைய 50 கிலோ யூரியா மூட்டையில் இருந்த 23 கிலோ தழைச்சத்தைப் பெற, அந்தத் தரத்திலுள்ள நகர உரம் ஏறக்குறைய 3 டன் வேண்டும். மூட்டையைச் சைக்கிளில் கொண்டுவந்துவிடலாம். 3 டன் எருவுக்கு வண்டிவாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி எல்லாம் உண்டு. மண்ணின் பொலபொலப்பையும் ஈரம் காக்கும் திறனையும் கூட்டும் எருவின் பயன் இந்தக் கணக்கில் ஏறவில்லை.

அடுத்து பிளாஸ்டிக் வந்தது. 1970களில் மத்திய அரசின் உதவியோடு பெருநகரங்களில் அமைந்த இயந்திர உர ஆலைகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன. பிரிக்காத குப்பையை அரைத்தால் பிளாஸ்டிக் துணுக்கும் கண்ணாடித் தூளும் சேர்ந்தே வந்தன. அதை உழவர் வயலில் கொட்டுவாரா?

மண்புழுவும் சட்டமும்

1990களில் அண்ணாமலைப் பல்கலைக்கழக விலங்கியல் துறை வேறு வழியில் சென்றது. லாம்பிட்டோ மாரிட்டி, யூட்ரிலஸ் யூஜினியே போன்ற மண்புழுக்களைக் கொண்டு சர்க்கரை ஆலையின் பிரஸ்மட் கழிவை உரமாக்கும் ஆய்வுகள் அங்கே நடந்தன. நெல்லிக்குப்பம், சேத்தியாத்தோப்பு ஆலைகள் உள்ள வட்டாரத்துக்கு இது பொருத்தமான தேர்வு. பிரஸ்மட் பிளாஸ்டிக் கலக்காமல் ஒரே வகையாக வருவதும் இதற்குச் சாதகம்.

நகரக் குப்பைக்கு அந்தத் தூய்மையைக் கொண்டுவரச் சட்டம் தேவைப்பட்டது. அல்மித்ரா படேல் 1996இல் உச்சநீதிமன்றத்தில் தொடுத்த வழக்கின் வழியே 2000ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகள் வந்தன. 2016ஆம் ஆண்டு விதிகள், வீட்டிலேயே குப்பையைப் பிரித்துக் கொடுப்பதைக் கட்டாயமாக்கின. தமிழக நகரங்களில் அமைந்த நுண் உரம் செயலாக்க மையங்கள் இந்த அடிப்படையில் எழுந்தவை.

அங்கே மட்கும் குப்பையைத் துண்டாக்கி, காற்றுப் புகும் தொட்டியில் இட்டு, சாணக் கரைசல் தெளித்து, வாரத்துக்கு ஒருமுறை புரட்டுகிறார்கள். ஈரப்பதம் சரிதானா என்பதற்குக் கைப்பிடியே அளவுகோல்: பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது, கையை விரித்தால் உதிர்ந்துவிடவும் கூடாது. கோயில் மாலைகளைப் பொறுத்தவரை, வாழைநாரில் கட்டியது நாரோடு மட்கிவிடும். நைலான் நூலில் கட்டியது சல்லடையில் சுருண்டு நின்று வேலையைக் கெடுக்கும்.

முடிவுரை

மலக்கழிவு விட்டுப்போன இடத்தை நிரப்பக்கூடியவை இன்று வீட்டு உணவுக் கழிவும் சந்தைக் காய்கறிக் கழிவும்தான். அவற்றில் தழைச்சத்து உண்டு, ஆனால் ஈரம் மிகுதி. தனியே குவித்தால் நாறும். கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் 25 அல்லது 30க்கு 1 என்ற விகிதம் அமைய, காய்ந்த சருகு வேண்டும். சிக்கல் இவை கிடைக்கும் காலத்தில் இருக்கிறது. சருகு மாசி, பங்குனியில் உதிர்ந்து பெரும்பாலும் தெருவோரத்தில் கொளுத்தப்படுகிறது. ஆனி மாதப் பண்ருட்டிப் பலாத்தோலும், ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்துவரும் சந்தைக் கழிவும் சேரும்போது அந்தச் சருகு கைவசம் இல்லை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் சாய்த்த முந்திரி, பலா மரங்களைப் போல ஒரே நாளில் குவியும் பசுமைக் கழிவுக்கும் சேமிப்பிடமும் துண்டாக்கும் இயந்திரமும் முன்கூட்டியே வேண்டும்.

ஆகவே ஓர் உர மையத்தை நாளொன்றுக்கு எத்தனை டன் என்ற கொள்ளளவால் மட்டும் மதிப்பிடுவது போதாது. கோடைச் சருகை மழைக்காலம்வரை காக்கும் கூரைக் கொட்டகை அங்கே இருக்கிறதா, எருவை வயலில் சேர்க்கும் வண்டிவாடகையை யார் ஏற்கிறார்கள் என்ற இரண்டு கேள்விகளையும் திட்ட மதிப்பீட்டிலேயே கேட்டாக வேண்டும். முந்தைய முயற்சிகள் ஓய்ந்ததும் எருவின் கலவைக்கும் வண்டிவாடகைக்கும் விடை இல்லாத இடத்தில்தான்.