இரண்டாவது காது

ஒரு பொருள் பழசாகிவிட்டால் அதற்கு இரண்டு கதிகளில் ஒன்றுதான் வாய்க்கும். பரணுக்குப் போகும், அல்லது பொருட்காட்சிச் சாலைக்குப் போகும். பரணில் தூசி படியும். பொருட்காட்சிச் சாலையில் தூசி தட்டுவார்கள். வித்தியாசம் அவ்வளவுதான். இரண்டு இடத்திலும் அது தன் வேலையைச் செய்வதில்லை. வயதான பிறகும், பிறந்த நாளில் செய்த அதே வேலையை அதே யோக்கியதையுடன் செய்துகொண்டிருக்கும் பொருள்கள் உலகத்தில் வெகு சொற்பம். அப்படிப்பட்ட ஒன்றைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். சரியாகச் சொன்னால், இரண்டைப் பற்றி.

இங்கிலாந்தில் ஹண்டிங்டன் என்ற ஊரில் 1953 முதல் 1967 வரையில் செய்யப்பட்டுவந்த ‘குவாட் டூ’ ஆம்ப்ளிபையர்கள் ஒரு ஜோடி என்னிடம் இருக்கின்றன. ஆம்ப்ளிபையர் எதற்கு என்று கேட்கும் நேயர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இசைத்தட்டின் மேல் ஊசி ஓடும்போது பிறக்கிற மின்சாரத்துக்குக் கொசுவின் பலம்கூடக் கிடையாது. அந்தக் கொசுவை யானையாக்கி, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பை ஆட்டிவைக்கும்படி செய்வதே ஆம்ப்ளிபையரின் வேலை. யானையாக்குவது பெரிய காரியம் அல்ல. யானையான பிறகும் அது பழைய கொசுவின் சாயலிலேயே இருக்க வேண்டும், அங்கேதான் சங்கடம். இந்தச் சங்கடத்தைத் தீர்ப்பதற்கு மனிதர்களுக்கு ஏறக்குறைய ஐம்பது வருஷம் பிடித்தது. அந்த ஐம்பது வருஷத்துக் கதையும் 13 அங்குல நீளமுள்ள ஒரு தகரப் பெட்டியின்மேல் ஐந்து வால்வுகளாக உட்கார்ந்திருக்கிறது.

கதையின் ஆரம்பத்தில் நிற்பவர் காது மந்தமானவர் என்பது ஒரு விசித்திரம். ஜான் ஆம்புரோஸ் பிளெமிங் லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் பேராசிரியர். மார்க்கோனி கம்பெனிக்கு ஆலோசகர். கம்பியில்லாத் தந்திச் செய்திகளை அந்தக் காலத்தில் காதில் குழாயை வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். பிளெமிங்குக்குக் காது கேட்பது குறைந்துகொண்டே வந்ததால், செய்தியைக் கண்ணால் பார்க்க வழி உண்டா என்று தேடினார். முள் அசைந்து காட்டும் கருவி இருந்தது. ஆனால் முன்னும் பின்னும் ஓடுகிற மின்சாரத்துக்கு அது அசையாது. மின்சாரம் ஒரே திசையில் ஓடியாக வேண்டும். எடிசன் தம் மின்சார விளக்கில் கண்ட ஒரு பழைய அதிசயம் அப்போது அவர் நினைவுக்கு வந்தது. 1904-ம் வருஷம், கண்ணாடிக் குமிழுக்குள் சூடான இழை ஒன்றையும் உலோகத் தகடு ஒன்றையும் வைத்தார். மின்சாரம் ஒரு பக்கம் போயிற்று, திரும்பி வரவில்லை. சைக்கிள் டியூபில் இருக்கும் வால்வு காற்றை உள்ளே விட்டு வெளியே விடாமல் தடுக்கிறதல்லவா? அதனால்தான் இதற்கும் வால்வு என்றே பெயர் வந்தது.

1906-ல் லீ டி பாரஸ்ட் என்ற அமெரிக்கர் இழைக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒரு கம்பி வலையை நுழைத்தார். அது மதகுப் பலகை போல வேலை செய்தது. பலகையைக் கொஞ்சம் அசைத்தால் ஏரித் தண்ணீரே கட்டுப்படுவதுபோல, வலையில் பட்ட சொற்ப மின்சாரம் பெரிய பிரவாகத்தை ஆட்டிவைத்தது. பெருக்கும் வித்தை பிறந்துவிட்டது. அது ஏன் அப்படி நடக்கிறது என்பது டி பாரஸ்டுக்கே சரியாக விளங்கவில்லை என்பதும் உண்டு. பிறகு எட்வின் ஆர்ம்ஸ்டிராங் என்பவர்தான் அதை விளக்கினார்.

டெலிபோன்காரர்கள் இந்த வால்வை விட்டுவைப்பார்களா? 1915 ஜனவரியில் நியூயார்க்கிலிருந்து ஸான் பிரான்ஸிஸ்கோவுக்குப் பேச முடிந்தது. வழியிலே குரல் களைத்துப்போகும் இடங்களில் வால்வுகள் அதைத் தூக்கி நிறுத்தின. ஆனால் தூக்கி நிறுத்திய ஒவ்வொரு வால்வும் குரலைக் கொஞ்சம் கோணலாக்கவும் செய்தது. ஒருவர் காதில் சொன்ன ரகசியம் பத்துப் பேர் வாய் மாறி வரும்போது என்ன கதி அடையும்? அந்தக் கதிதான்.

இதற்கு மருந்து தேடி வருஷக் கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவர் பெல் லாபரட்டரியின் ஹெரால்ட் பிளாக். 1927 ஆகஸ்டு 2-ந் தேதி காலை, ஹட்ஸன் நதியைப் படகில் கடந்து ஆபீசுக்குப் போய்க்கொண்டிருந்தார். அப்போது அவருக்கு வயது 29. திடீரென்று மனத்தில் ஒரு வெளிச்சம். கையில் வேறு காகிதம் இல்லாததால் ‘நியூயார்க் டைம்ஸ்’ பத்திரிகையில் அச்சுப் படாமல் காலியாக இருந்த இடத்திலேயே படத்தையும் கணக்கையும் எழுதினார்.

அந்தக் கணக்கின் சாரம் இதுதான். பெருக்கி முடித்த ஒலியில் ஒரு துளியை எடுத்து, தலைகீழாகத் திருப்பி, ஆரம்பத்துக்கே அனுப்ப வேண்டும். உள்ளே வந்ததற்கும் வெளியே போவதற்கும் வித்தியாசம் இருந்தால், அந்த வித்தியாசமே பிழையை அழித்துவிடும். நல்ல பாடகர் தம் குரலைத் தம்பூராவோடு சேர்த்துக் கேட்டு, விலகிய இடத்தில் அந்த க்ஷணமே திருத்திக்கொள்கிறார் அல்லவா? இயந்திரத்துக்கும் அந்தக் காதைக் கொடுத்தார் பிளாக். ஆனால் அதற்கு விலை உண்டு. இப்படித் திருத்திக்கொள்ளும் ஆம்ப்ளிபையர் தன் பலத்தில் பெரும் பகுதியை இழந்துவிடுகிறது. எத்தனையோ பேர் அரும்பாடுபட்டு வளர்த்த பலத்தை, வேண்டுமென்றே வீசி எறிந்து உண்மையை வாங்குவது! பேடெண்ட் ஆபீஸ்காரர்களுக்கே இது நம்பிக்கைப்படவில்லை. பேடெண்ட் கைக்கு வர ஒன்பது வருஷத்துக்கு மேலாயிற்று.

டெலிபோனுக்காகப் பிறந்த இந்தத் தத்துவத்தைச் சங்கீதத்துக்குக் கொண்டுவந்து உச்சியில் நிறுத்தியவர்கள் இங்கிலாந்துக்காரர்கள். ஹெரால்ட் லீக் 1945-ல் தம் ஆம்ப்ளிபையருக்கு ‘பாயிண்ட் ஒன்’ என்று பெயர் வைத்தார். ஒலியில் கோணல் நூற்றில் 0.1 பங்குதான் என்பது அதன் பொருள். 1947 ஏப்ரலில் வில்லியம்ஸன் என்ற இளைஞர் ‘வயர்லெஸ் வோர்ல்ட்’ பத்திரிகையில் 15 வாட் ஆம்ப்ளிபையர் ஒன்றின் முழு விவரத்தையும் ஒளிவுமறைவு இல்லாமல் வெளியிட்டார். உலகமெங்கும் இருந்த ரேடியோப் பைத்தியங்கள் அதைப் பார்த்துத் தங்கள் வீட்டு மேஜையிலேயே செய்துகொண்டார்கள். அதன் பின்பு வந்தவர் ஹண்டிங்டன் பீட்டர் வாக்கர். திருத்தும் வேலையில் ஒரு பங்கை டிரான்ஸ்பார்மரின் சுற்றுக்குள்ளேயே ஒளித்து வைத்தார். அதுதான் குவாட் டூ.

வாக்கர் எவ்வளவு துணிச்சல்காரர் என்பதற்கு ஒரு சம்பவம் போதும். 1954 நவம்பரில், ஸ்பீக்கர் செய்வதில் பேர்போன கில்பர்ட் பிரிக்ஸ் என்பவர் லண்டன் ராயல் பெஸ்டிவல் ஹாலை வாடகைக்கு எடுத்தார். ஏறக்குறைய 3,000 பேர் உட்காரும் மண்டபம். மேடையில் வித்வான்கள் வாசித்தார்கள். அடுத்தாற்போல் அதே வாசிப்பின் பதிவு ஸ்பீக்கர்களில் ஒலித்தது. ஒப்பிட்டுப் பாருங்கள் என்று ஜனங்களிடமே விட்டுவிட்டார்கள். அன்று ஆம்ப்ளிபையர்களோடு பக்கத்தில் நின்றவர் வாக்கர். தம் சரக்கை அசலுக்குப் பக்கத்திலேயே நிறுத்திக் காட்டும் வியாபாரிகளை நாம் தினந்தோறும் பார்ப்பதில்லை.

இவ்வளவும் ஒற்றைக் காதின் கதை. ஒரு ஆம்ப்ளிபையர், ஒரு ஸ்பீக்கர். வாத்தியக் கோஷ்டி முழுவதும் ஒரே ஜன்னல் வழியாக வெளியே எட்டிப் பார்ப்பதுபோல் இருக்கும். இரண்டாவது ஜன்னலைத் திறந்த மனிதரின் பெயர் ஆலன் பிளம்லைன். இந்தக் கட்டுரையே அவருக்காகத்தான்.

1931-ல் பேசும் படம் புதிது. பிளம்லைன், பின்னால் தம் மனைவியான பெண்ணுடன் சினிமாவுக்குப் போயிருந்தார். திரையில் நடிகர் ஒரு கோடியில் நிற்க, குரல் வேறொரு இடத்திலிருந்து வந்தது. மற்றவர்கள் கதையைப் பார்த்தார்கள். இவருக்கு இதுதான் உறுத்திற்று. குரலை ஆளுக்குப் பின்னாலேயே போகச் செய்ய எனக்கு வழி தெரியும் என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாராம். அந்த வருஷம் டிசம்பர் 14-ந் தேதி பேடெண்ட் மனு கொடுத்துவிட்டார். இரண்டு மைக்குகளை எப்படி வைப்பது, ஒரே இசைத்தட்டுப் பள்ளத்தின் இரண்டு சுவர்களில் இரண்டு ஒலிகளை எப்படிச் செதுக்குவது என்பதெல்லாம் அதிலேயே இருந்தன. 1934 ஜனவரியில், லண்டன் ஆபி ரோடு ஸ்டூடியோவில் தாமஸ் பீச்சம் நடத்திய மோஸார்ட்டின் ‘ஜூபிடர்’ சிம்பனி ஒத்திகையை இரண்டு காதுக்கும் பதிவு செய்தார்.

இதற்குப் பிறகு என்ன நடந்தது? ஒன்றும் நடக்கவில்லை. கம்பெனிக்கு அப்போது டெலிவிஷன் அவசரம். அதன் பிறகு யுத்த அவசரம். பிளம்லைன் ராடார் வேலைக்குப் போனார். இருட்டிலும் மேகத்திலும் தரையைக் காட்டும் எச்.டூ.எஸ். என்ற கருவியைப் பரீட்சை பார்க்க, 1942 ஜூன் 7-ந் தேதி ஹாலிபாக்ஸ் விமானத்தில் ஏறினார். என்ஜினில் சரியாக முடுக்காமல் விட்ட ஒரு நட்டினால் விமானம் தீப்பிடித்து, வை நதிப் பள்ளத்தாக்கில் விழுந்தது. பதினொரு பேரும் மாண்டார்கள். பிளம்லைனுக்கு வயது 38. பெயரில் 128 பேடெண்டுகள். ராடார் ரகசியத்தைக் காப்பதற்காக மரணச் செய்தியையே அமுக்கிவிட்டார்கள். நாட்டின் மிகப் பெரிய மின்சார மேதைகளில் ஒருவர் போனது நாட்டுக்கே தெரியாது.

ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தது 1958-ல். பேடெண்ட் மனுவுக்கும் அதற்கும் இடையில் 27 வருஷம். அவர் இறந்து 16 வருஷம். அவருடைய ஈலிங் வீட்டில் நினைவுப் பலகை பதித்தது 1977-ல். ஆபி ரோடில் பதித்தது 2015-ல்.

என்னிடம் இருக்கும் ஜோடி என் பெரிய மாமாவுடையது. லண்டனில் உத்தியோகமாக இருந்தபோது 1956-ல் ஒன்றை வாங்கினார். ஸ்டீரியோ வந்ததும் பலர் செய்ததைப் போலவே அவரும் செய்தார்: பழசைத் தள்ளவில்லை; பக்கத்தில் அதேபோல் இன்னொன்றை வாங்கி வைத்தார். இரண்டையும் சேர்த்து ஆள ‘குவாட் 22’ என்ற கட்டுப்பாட்டுப் பெட்டி 1959-ல் வந்திருந்தது. ஒரு வீட்டுக்குள் இரண்டாவது காது முளைத்தது இப்படித்தான்.

வில்லியம்ஸன் கட்டுரை வந்த அதே 1947-ல், டிசம்பரில், பிளாக் வேலை செய்த அதே பெல் லாபரட்டரியில் டிரான்ஸிஸ்டர் பிறந்துவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். வால்வு பூரணத்துவம் அடைந்த வருஷத்திலேயே அதன் யமனும் பிறந்தான். குவாட் கம்பெனியே 1967-ல் டிரான்ஸிஸ்டருக்கு மாறிற்று.

ஆகவே, பழைய ஜோடியை வைத்து நிர்வகிப்பது லேசான காரியம் அல்ல. உள்ளே முந்நூறு வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. ஸ்விட்சை அணைத்த பிறகும் கண்டென்ஸரில் கொஞ்ச நேரம் அது பதுங்கியிருக்கும். பழைய காகிதக் கண்டென்ஸர்கள் கசிய ஆரம்பித்தால் விலை உயர்ந்த கே.டி.66 வால்வுகள் சிவக்கச் சிவக்கக் காய்ந்து உயிரை விடும். எனக்கு இவற்றைப் பழுது பார்த்துத் தருகிற பெரியவர் ஒருவர் இருக்கிறார். “இதைப் புதுசு மாதிரி பளபளவென்று ஆக்கிவிடலாமா?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“எதுக்கு ஸார்?” என்றார் அவர். “கெட்டுப்போனதை மட்டும் மாத்தறேன். ஓடறதை ஓடவிடுங்கோ. இதைப் பண்ணினவன், நாளைக்கு ஒருத்தன் திறந்து பார்ப்பான்னு தெரிஞ்சு பண்ணியிருக்கான்.”

ஸ்விட்சைப் போட்டவுடன் பாட்டு வராது. இழைகள் சூடேறி, குமிழ்களுக்குள் செம்பொன் ஒளி படர அரை நிமிஷமாவது ஆகும். என் பேரனுக்கு அந்த அரை நிமிஷம் ஒரு யுகம். “தாத்தா, போனில் உடனே பாடுமே!” என்கிறான். வாஸ்தவம்தான். சௌகரியத்தில் இந்தப் பெட்டிகள் போனோடு போட்டி போட முடியாது. 15 வாட்டுக்கு மேல் கத்தவும் தெரியாது. ஆனால் நல்ல கச்சேரித் தட்டு ஒன்றைப் போட்டு, இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் உட்கார்ந்தால், பாடகர் நடுவிலும் மிருதங்கம் ஒரு பக்கத்திலும் வயலின் மறு பக்கத்திலும் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஸ்பீக்கர்கள் எங்கே இருக்கின்றன என்பதே மறந்துபோகிறது. தன்னை மறக்கச் செய்கிற இந்தக் குணத்துக்குத்தான் பிளாக் பலத்தைத் தியாகம் செய்தார்.

பிளம்லைன் 1930-களில் செய்த சோதனைப் பதிவுகளில் சில அழியாமல் தப்பி, இப்போது எவரும் கேட்கக் கிடைக்கின்றன. சங்கீதம் மட்டும் அல்ல. ஆட்கள் பேசிக்கொண்டே நடக்கிற பதிவுகளும் அவற்றில் உண்டு. அவற்றை இந்த இரண்டு பெட்டிகளின் வழியாகக் கேட்டிருக்கிறேன். இடது கோடியில் ஒரு குரல் பேசத் தொடங்குகிறது. பேசியபடியே அறையின் குறுக்கே நடந்து வலது கோடிக்குப் போகிறது. சொல்வதில் விசேஷம் ஒன்றும் இல்லை. ஆனால் குரல் ஆளுக்குப் பின்னாலேயே போகிறது. மனைவியாகப் போகிறவளிடம் சினிமாவில் கொடுத்த வாக்கை அந்த மனிதர் காப்பாற்றிவிட்டார். ஜனங்கள் வீட்டில் உட்கார்ந்து அதைக் கேட்பதைப் பார்க்க மட்டும் அவர் இருக்கவில்லை.