காமா கதிர் வெடிப்பு: இந்திய விண்கலன்களின் பங்கு

பெரிய விண்மீன் ஒன்று எரிபொருள் தீர்ந்து உட்குலையும்போதோ இரு நியூட்ரான் விண்மீன்கள் மோதி இணையும்போதோ எழும் உக்கிரமான கதிர்வீச்சே காமா கதிர் வெடிப்பு. சில ஒரு நொடிகூட நீடிப்பதில்லை. சில நிமிடக்கணக்கில் தொடரும். எந்தத் திசையில், எப்போது நிகழும் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. காற்று மண்டலம் காமா கதிரை உறிஞ்சிவிடுவதால் விண்ணிலிருந்துதான் இதைப் பிடிக்க வேண்டும்.  

முதல் வெடிப்பு தற்செயலாகக் கிடைத்தது. அணு ஆயுதச் சோதனைகளை வேவு பார்க்க அமெரிக்கா ஏவிய வேலா செயற்கைக்கோள்கள் 1967 ஜூலை 2 அன்று அதைப் பதிவு செய்தன. உலகுக்குச் செய்தி தெரிந்தது 1973இல்தான். இவை நம் பால்வழிக்கு வெகு அப்பால் நிகழ்பவை என்பது 1997இல் பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள் பின்னொளியைக் கண்டபின் உறுதியானது.

இந்தியாவின் முயற்சி தோல்வியில் தொடங்கியது. வெடிப்புகளைக் காணும் கருவியோடு 1988இல் புறப்பட்ட ஸ்ரோஸ்-2 செயற்கைக்கோள், ராக்கெட் பழுதால் சுற்றுப்பாதையை எட்டவில்லை. 1992இல் சென்ற ஸ்ரோஸ்-சி தாழ்வான பாதையில் சிக்கி இரண்டே மாதங்களில் விழுந்தது. இஸ்ரோ விடவில்லை. 1994 மே 4 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய ஸ்ரோஸ்-சி2 பல ஆண்டுகள் இயங்கி வெடிப்புகளைப் பதிவு செய்தது.

பெரிய அறுவடை அஸ்ட்ரோசாட்டில் வந்தது. 2015 செப்டம்பர் 28 அன்று ஏவப்பட்ட இக்கலத்தில் காட்மியம் துத்தநாக டெல்லுரைடு உணரிகள் கொண்ட எக்ஸ் கதிர்க் கருவி ஒன்று உண்டு. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையில் உருவானது. அக்டோபர் 6 அன்று அதை இயக்கிய முதல் நாளிலேயே ஒரு வெடிப்பு சிக்கியது. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் அதற்கு 151006ஏ என்று பெயர்.

வியப்பு என்னவென்றால், இக்கருவி நேர் எதிரே உள்ள சிறு வான்பரப்பைப் பார்க்கவே வடிவமைக்கப்பட்டது. ஆனால் ஆற்றல் 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டைத் தாண்டினால் கதிர்கள் அதன் பக்கச் சுவர்களையே ஊடுருவி வந்துவிடும். அப்படி நுழையும் ஃபோட்டான் ஒரு படப்புள்ளியில் மோதி அடுத்த புள்ளிக்குச் சிதறுகிறது. 16,384 புள்ளிகளில் சிதறல் எந்தப் பக்கம் அதிகம் என்று எண்ணிப் பார்த்தால் கதிரின் தளவிளைவு, அதாவது அதன் அலை எந்தத் தளத்தில் அதிர்கிறது என்பது, தெரியும். அதிலிருந்து வெடிப்பின் காந்தப்புலத்தையும் கதிர் பிறக்கும் விதத்தையும் ஊகிக்கலாம். உலகில் மிகச் சில கருவிகளுக்கே இந்த அளவீடு கைகூடியுள்ளது. 160821ஏ என்ற வெடிப்பில், அது நிகழ்ந்துகொண்டிருக்கும்போதே தளவிளைவின் திசை மாறியதை இந்திய ஆய்வாளர்கள் கண்டனர். இக்கருவியின் தலையாய பங்களிப்பு இதுவே.

2023 நவம்பர் 22 அன்று அஸ்ட்ரோசாட் தன் 600ஆவது வெடிப்பைப் பதிவு செய்தது. அதன் திட்டமிட்ட ஆயுள் 5 ஆண்டுகள்தான். அடுத்து, இரட்டைச் செயற்கைக்கோள்களால் வான் முழுவதையும் கண்காணிக்கும் ‘தக்ஷா’ திட்டத்தை மும்பை ஐஐடி தலைமையிலான குழு முன்மொழிந்துள்ளது. அஸ்ட்ரோசாட் ஈட்டிய அனுபவம் வீணாகாமலிருக்க அதைத் தாமதமின்றி நிறைவேற்ற வேண்டும்.