ஆற்றங்கரை அவைகளும் கல்லூரி அரங்கமும்



நெல்லையிலிருந்து திருச்செந்தூர் செல்லும் இருப்புப்பாதை 1923ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் எனத் தாமிரபரணியின் வயல்வெளிகளைத் தழுவிக் கடற்கரை வரை அது நீள்கிறது. அதே 1923ஆம் ஆண்டில்தான் பாளையங்கோட்டையில் தூய சவேரியார் கல்லூரியும் தொடங்கப்பட்டது. அன்று முதல் இந்தப் பாதை சரக்குகளோடும் திருவிழாக் கூட்டத்தோடும் மாணவர்களையும் சுமந்து வருகிறது. பேட்மாநகரம், கேம்பலாபாத் போன்ற ஊர்களிலிருந்தும் காயல்பட்டினத்திலிருந்தும் நம் பிள்ளைகள் பலர் பாளையங்கோட்டைக் கல்லூரிகளுக்குச் சென்று பட்டம் பெற்றுள்ளனர்.

பட்டம் பெற்றோரைப் பற்றி நாம் பெருமையோடு பேசுகிறோம். ஆனால் கல்லூரி என்பது வகுப்பறையும் தேர்வு மண்டபமும் மட்டுமன்று. அங்கே ஓர் அரங்கமும் உண்டு. அறிஞர் பேசும் நாளும், பட்டிமன்றம் நிகழும் மாலையும், முத்தமிழ் விழாவும், மீலாது விழாவும், விடுதி மாணவர்கள் பிற சமயத் தோழர்களோடு அமரும் நோன்பு திறப்பும் அந்த வளாகத்தின் வாழ்வில் அடங்கும். அந்த அரங்கத்திற்கும் நமக்கும் உள்ள உறவு எத்தகையது என்பதை வரலாற்றின் ஒளியில் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேட்டல் என்னும் கல்வி

இந்த ஆற்றங்கரையில் கல்வி முதலில் செவி வழியாகவே வளர்ந்தது. ஆழ்வார்திருநகரி அதற்குச் சான்று. குருகூர் என்னும் பழம்பெயர் கொண்ட இவ்வூர் நம்மாழ்வாரின் ஊர். பாசுரத்தைப் பாடி, அதன் பொருளை அபிநயத்தாலும் உரையாலும் கூடியிருப்போர் முன் விளக்கும் அரையர் சேவை மரபைப் போற்றிய மிகச் சில தலங்களுள் இதுவும் ஒன்று. பத்துப்பாட்டின் ஏடுகளைத் தேடி உ.வே. சாமிநாதையர் வந்த ஊர்களிலும் இதற்குத் தனியிடம் உண்டு. இங்கிருந்த கவிராயர் வீடுகளில் சுவடிகளைத் தேடிய வரலாற்றை அவரே எழுதியிருக்கிறார். பத்துப்பாட்டு 1889இல் அச்சேறியது. ஏட்டைக் காப்பதும், அதனை அவையில் ஓதி விளக்குவதும் இவ்வூரார் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த பணிகள்.

அவர்களின் வழிபாடு வேறு. நம் கொள்கை வேறு. ஆயினும் கற்றதை மக்கள் முன் வைத்து விளக்கும் பண்பு நமக்குப் புதிதன்று. மதீனத்துப் பள்ளிவாசலில் நபி (ஸல்) அவர்கள் தோழர்களுக்கு நடுவே அமர்ந்து போதித்தார்கள். வெளியூர்த் தூதுக்குழுக்களையும் அங்கேயே வரவேற்றார்கள். கவிஞர் ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) கவிதை சொல்வதற்கென அங்கே ஒரு மேடை அமைக்கப்பட்டது. ஆண்களே எப்போதும் தங்களைச் சூழ்ந்திருப்பதால் தமக்கென ஒரு நாள் வேண்டும் என்று பெண்கள் கேட்டபோது, நபியவர்கள் அவர்களுக்கு ஒரு நாளைக் குறித்துக் கொடுத்து அறிவுரை வழங்கினார்கள். அறிவைக் கேட்பதற்கான இடத்தை உரிமையோடு கேட்டுப் பெற்ற அந்தப் பெண்களை நாம் நினைவில் இருத்த வேண்டும்.

காயலின் அவை

இதே ஆற்றின் முகத்துவாரத்திற்கு அருகில் உள்ளது காயல்பட்டினம். 1632இல் அங்கே பிறந்த சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அரபு மொழியில் பெரும் புலமை பெற்றவர். நபிபுகழ் பாடும் வித்ரிய்யாவுக்குத் தக்மீஸ் இயற்றியவர். எட்டயபுரத்து உமறுப்புலவர் நபிகளாரின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாக்க விரும்பினார். வள்ளல் சீதக்காதி அவரை இப்பெரியாரிடம் அனுப்பினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. உமறுவின் தோற்றத்தைக் கண்டு முதலில் தயங்கிய அப்பா, பின்னர் மனம் மாறிச் செய்திகள் கிடைக்க வழிசெய்தார் என்றும் அம்மரபு கூறுகிறது.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. உமறுவின் தமிழாசிரியர் கடிகை முத்துப் புலவர், எட்டயபுரம் அரசவையைச் சேர்ந்தவர். காப்பியத்தின் பொருள் அரபு மூலங்களிலிருந்து வந்தது. பொருளும் தமிழும் இப்படி இருவேறு அவைகளிலிருந்து வந்து சீறாப்புராணத்தில் ஒன்று கலந்தன. அந்நாளில் நூல் ஒன்று நூலாக ஏற்கப்பட வேண்டுமானால் அரங்கேற வேண்டும். புலவர் படிப்பார்; கற்றோர் வினவுவார்கள்; அவர் விடை சொல்லியாக வேண்டும். இன்றைய பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வாளர் பொது வாய்மொழித் தேர்வில் நிற்பதும் ஏறக்குறைய இதே முறைதான். பிற்காலத்தில், 1842இல், சீறாவை அச்சேற்றியவரும் ஒரு காயல்பட்டினத்தார். செய்கு அப்துல் காதிர் நெயினார் லெப்பை ஆலிம் என்னும் பெரும்புலவர்.

காயலின் அவை இன்றும் கலையவில்லை. ஆண்டுதோறும் ரஜப் மாதத்தில் அங்கே நடைபெறும் புகாரி ஷரீஃப் மஜ்லிஸில் ஹதீஸ் ஓதப்பட்டுத் தமிழில் விளக்கம் சொல்லப்படுகிறது. சந்தாவோ நுழைவுச் சீட்டோ இல்லாத ஒரு மாதச் சொற்பொழிவு வரிசை என்றே அதனைச் சொல்லலாம்.

சென்னை காட்டிய முன்மாதிரி

நவீன முறையில் பொதுச் சொற்பொழிவுகளை ஏற்பாடு செய்வதிலும் தமிழக முஸ்லிம்கள் பின்தங்கியிருக்கவில்லை. சென்னையில் 1925ஆம் ஆண்டு அல்லாமா சையித் சுலைமான் நத்வி நபிகளாரின் வாழ்வு குறித்து எட்டுச் சொற்பொழிவுகள் ஆற்றினார். அவை நூலாகி இன்றும் பல மொழிகளில் படிக்கப்படுகின்றன. 1927இல் மர்மடியூக் பிக்தால் இஸ்லாமியப் பண்பாடு பற்றிப் பேசினார். 1929 ஜனவரியில் அல்லாமா இக்பால் வந்து உரையாற்றினார். இஸ்லாமியச் சிந்தனையை மறு ஆய்வு செய்யும் அவருடைய புகழ்பெற்ற நூல் இவ்வுரைகளை உள்ளடக்கி 1930இல் லாகூரில் வெளிவந்தது. இந்தச் சொற்பொழிவுகளுக்குப் பொருளுதவி செய்தவர் தோல் வணிகர் ஜமால் முஹம்மது சாஹிப். திருச்சியில் 1951இல் தொடங்கப்பட்ட கல்லூரி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஒரு வணிகர் தம் செல்வத்தைக் கொண்டு ஓர் அரங்கத்தை நிரப்பினார். அந்த அரங்கத்தில் ஒலித்த சொற்கள் நூற்றாண்டை நெருங்கும் இந்நாளிலும் உலகெங்கும் வாசிக்கப்படுகின்றன. ஒரு சொற்பொழிவின் ஆயுள் எவ்வளவு நீளக்கூடும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

பாளையங்கோட்டையில் நம் முகவரி

நெல்லைச் சீமையில் உயர்கல்வியின் பெரும்பகுதியைத் தொடங்கிவைத்தவர்கள் கிறித்தவ ஊழியர்கள். தூய யோவான் கல்லூரியும், 1895இல் பெண்களுக்கான கல்லூரியாக உயர்ந்த சாரா டக்கரும், பின்னர் வந்த சவேரியாரும் பாளையங்கோட்டைக்குத் தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்ற பெயரைத் தேடித் தந்தன. நெல்லையில் இந்துக் கல்லூரி இருந்தது. இவை எல்லாவற்றிலும் நம்மவர்கள் படித்தார்கள். அக்கல்லூரி அரங்குகளில் நம்மவர்கள் விருந்தினராக அமர்ந்து கேட்டார்கள்.

1971இல் பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி தொடங்கப்பட்டபோது நிலை மாறியது. இனி நாம் விருந்தினரை அழைக்கும் வீட்டாரும் ஆனோம். உமறுவுக்கு வாயில் திறந்த பெரியாரின் பெயரை அதற்குச் சூட்டியது மிகப் பொருத்தமான செயல். எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் பயிலும் கல்லூரி அது.

அந்தப் பத்தாண்டு முழுவதுமே இஸ்லாமியத் தமிழுக்கு விழிப்பான காலமாக அமைந்தது. 1973இல் திருச்சியில் அனைத்துலக இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு கூடியது. 1978இல் அம்மாநாடு காயல்பட்டினத்திற்கே வந்தது. நெல்லைக் கல்லூரிகள் அப்போது இணைந்திருந்த மதுரைப் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்திற்கென ஓர் இருக்கை அமைந்தது. இலங்கைப் பேராசிரியர் ம.மு. உவைஸ் அதில் அமர்ந்து, பெ.மு. அஜ்மல்கானுடன் இணைந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். மேடையில் பேசப்பட்டவை ஆய்வாகி, ஆய்வு பாடமாகி, நம் பிள்ளைகளின் கைகளுக்கு வந்து சேர்ந்தது இப்படித்தான்.

1990இல் நெல்லைக்கெனத் தனிப் பல்கலைக்கழகம் பிறந்தது. மனோன்மணீயம் ஆசிரியர் சுந்தரனாரின் பெயரைத் தாங்கியது. 2006இல் காயல்பட்டினத்திலேயே வாவு வஜீஹா வனிதையர் கல்லூரி தொடங்கப்பட்டது. நாள்தோறும் பாளையங்கோட்டைக்குப் போய்வர இயலாத பெண் பிள்ளைகளுக்குக் கல்லூரி வாயில் அருகிலேயே திறந்தது.

இன்று நம் முன் உள்ள கேள்வி

கட்டடங்கள் எழுந்துவிட்டன. அரங்குகளில் நாற்காலிகளும் உள்ளன. அவற்றில் அமர நாம் வருகிறோமா?

நம் குடும்பங்கள் பலவற்றில் கல்லூரி வாயிலை மூன்று முறை மட்டுமே பெற்றோர் மிதிக்கிறார்கள்: சேர்க்கைக்கு, கட்டணத்திற்கு, சான்றிதழுக்கு. மாலையில் ஒரு சொற்பொழிவு இருக்கிறதென்றால், ‘அது எதற்கு, முந்தைய பேருந்திலேயே வந்துவிடு’ என்கிறோம். மகளிடம் இதை இன்னும் அழுத்திச் சொல்கிறோம். பாதுகாப்பும் நேரமும் குறித்த கவலை நியாயமானது. தந்தையோ தாயோ உடன்சென்று அருகில் அமர்ந்தால் அக்கவலையும் தீரும். பெற்றோரும் கேட்டுப் பயன்பெறுவர். தமக்கென ஒரு நாள் கேட்ட மதீனத்துப் பெண்களின் வழியில் வந்தவர்கள் நம் பெண் மக்கள்.

இதில் பெரிய இழப்பு ஒன்று மறைந்திருக்கிறது. பொது அவையில் அமர்ந்து பழகாத பிள்ளைக்கு, பொது அவையில் எழுந்து பேசவும் வராது. மாற்றுக் கருத்தைப் பொறுமையோடு கேட்கவும், மரியாதையோடு மறுக்கவும், ஐயத்தை ஒரே வினாவாகச் சுருக்கிக் கேட்கவும் தேர்வுத்தாள் கற்றுத் தருவதில்லை. நம்மைப் பற்றிப் பிறர் பேசும் காலத்தில், நமக்காக நாமே தெளிந்த தமிழில் பேசும் ஆற்றல் ஒரு தலைமுறைக்குக் குறைந்துபோனால், அதனை எந்தப் பட்டமும் ஈடுசெய்யாது. நாகூரில் பிறந்து உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக உயர்ந்த மு.மு. இஸ்மாயீல், கம்பன் மேடைகளில் பேசியபோது தமிழகமே கேட்டது. இடலாக்குடி செய்குத்தம்பிப் பாவலர் 1907இல் சென்னையில் சதாவதானம் நிகழ்த்தியபோது நூறு திசைகளிலிருந்து வந்த வினாக்களுக்கு ஈடுகொடுத்தார். அத்தகையோரை வளர்த்தெடுத்தவை அவைகளே.

செய்யக்கூடியது

பல்கலைக்கழகங்களிலும் கல்லூரிகளிலும் அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றொரு முறை உண்டு. ஒருவர் ஒரு தொகையை நிறுவனத்தில் ஒப்படைப்பார். முதலைத் தொடாமல், அதன் வருவாயிலிருந்து ஆண்டுதோறும் ஓர் அறிஞரை அழைத்துப் பேசவைப்பார்கள். இயன்றால் உரையை நூலாகவும் அச்சிடுவார்கள். இம்முறையைக் கேட்டதும் நமக்கு வக்ஃபு நினைவுக்கு வர வேண்டும். கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென்று உமர் (ரலி) கேட்டபோது, நிலத்தை நிறுத்திவைத்து அதன் பலனைத் தர்மம் செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள். இரண்டிலும் அமைப்பு ஒன்றுதான்: முதல் நிற்கும், பலன் ஓடும்.

வட்டி கலவாத வருவாய்க்கு வழி காண வேண்டும் என்பது நமக்குரிய கூடுதல் பொறுப்பு. ஒரு கடையின் வாடகையை இதற்கென ஒதுக்கலாம். ஓர் ஊர் ஜமாஅத் தன் முன்னோர் ஒருவரின் பெயரில் ஆண்டுக்கு ஒரு சொற்பொழிவை ஏற்கலாம். பேசுவோர் நம்மவராகவே இருக்க வேண்டும் என்பதில்லை. ஆழ்வார்திருநகரியின் சுவடி மரபைப் பற்றி ஒரு வைணவ அறிஞர் வந்து பேசட்டும். சீறாவைப் பற்றி நாம் பேசுவோம். இருவர் பேச்சையும் இரு சாராரின் பிள்ளைகளும் கேட்கட்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அடுத்த முறை பிள்ளை கல்லூரி அழைப்பிதழ் ஒன்றைக் கொண்டுவந்தால், அதை அலமாரியில் செருகிவிடாமல் நாளைக் குறித்துவைப்போம். குடும்பத்தோடு செல்வோம். திரும்பி வரும் வழியில், ‘இன்று என்ன கேட்டாய்?’ என்று பிள்ளையிடம் வினவுவோம்.

அல்லாஹ் நமக்குப் பயனுள்ள கல்வியையும், அதனைக் கேட்கும் செவியையும், நன்முறையில் எடுத்துரைக்கும் நாவையும் அருள்வானாக. ஆமீன்.