கோமாளியா? ஆசானா?

அழ வைப்பவனைக் கலைஞன் என்பார்கள். சிரிக்க வைப்பவனையோ கோமாளி என்று ஒதுக்குவார்கள். அந்தக் கோமாளியின் இடத்தில் நின்றே நாட்டுக்கு ஆசானாக உயர்ந்த ஒருவரைத் தமிழகம் கண்டது. அவரே கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்.

1908இல் நாஞ்சில் நாட்டு ஒழுகினசேரியில் ஏழைக் குடியிலே பிறந்தார். வறுமை பள்ளிக் கதவை அடைத்தது; நாடகக் கொட்டகை தன் கதவைத் திறந்தது. டி. கே. எஸ். சகோதரர்களின் குழுவிலே பயின்றார். பின்னர் திரையுலகம் புகுந்தார். வாழ்க்கைத் துணையாகவும் கலைத் துணையாகவும் டி. ஏ. மதுரம் அமைந்தார்.

நெட்டப்பாக்கத்துச் சுற்றுவட்டாரத்திலே தெருக்கூத்துப் பார்த்தவர்கள் கட்டியங்காரனை அறிவார்கள். அரசனையே கிண்டல் செய்வான். அவைக்கு உண்மை சொல்வான். ஆனால், பொழுது விடிந்தால் கேலியும் கலைந்துவிடும். ஊரின் மேடு பள்ளம் அப்படியே இருக்கும். விடிந்த பின்னும் நெஞ்சிலே நின்று உறுத்தும் கேலியைத் தந்தார் கலைவாணர்.

இடையிலே வந்தது சோதனை. 1944இல் நிகழ்ந்த லட்சுமிகாந்தன் கொலை வழக்கு அவரையும் எம். கே. தியாகராஜ பாகவதரையும் சிறைக்குள் தள்ளியது. மேல்முறையீடு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1947இல் விடுதலை கிடைத்தது. சிறையின் கசப்பு அவர் சிரிப்பை மாய்த்ததா? இல்லை, கூர்மையாக்கியது!

1949இல், அண்ணா எழுதிய 'நல்லதம்பி'யிலே 'கிந்தனார்' காலட்சேபம் செய்தார். கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தன் சிதம்பர தரிசனத்துக்கு ஏங்கினான். கலைவாணரின் கிந்தனோ கல்விக்கு ஏங்கினான். நந்தன் தீயிலே இறங்கினான். கிந்தன் ரயிலேறிப் பட்டணம் போய்ப் படித்து உயர்ந்தான். மக்கள் பழகிய மெட்டு, மக்கள் பழகிய காலட்சேபம். அதனுள்ளே புதிய கருத்து! கொட்டகை சிரித்தது. சிரித்தவன் எதைக் கண்டு சிரித்தான்? தாழ்த்தப்பட்டவனைக் கண்டா? அல்ல, தாழ்த்திய வழக்கத்தைக் கண்டு!

1957 ஆகஸ்ட் 30இல், நாற்பத்தெட்டாம் வயதிலே மறைந்தார். வாரி வழங்கிய கை, செல்வம் சேர்க்கவில்லை.

இன்றோ, கருத்த மேனியையும் பருத்த உடலையும் திக்கும் நாவையும் காட்டிச் சிரிப்பூட்டுவோர் பலர். அந்தச் சிரிப்பு வகுப்பறைக்குள்ளும் நுழைகிறது. கடைசி வரிசைச் சிறுவனின் தலையைக் குனிய வைக்கிறது. கிந்தனைத் தலைநிமிரச் செய்த சிரிப்பும் சிரிப்புத்தான், இதுவும் சிரிப்புத்தான். எதற்குக் கை தட்டப் போகிறோம்?