ஆன்செல் ஆடம்ஸின் இரண்டு நிலவுகள்

பிடித்த இயற்கைப் படம் ஒன்றை எதிரே வைத்துக்கொண்டு, அதேபோல நாமும் எடுத்துப் பழகுவது புகைப்படம் கற்பவர்களிடம் வெகுகாலமாக உள்ள பயிற்சி. இதை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். படம் எடுக்கப்பட்ட இடத்துக்கே போய், அதே பருவத்தில், அதே கோணத்தில் நின்று எடுப்பவர்கள் ஒரு சாரார். எடுத்தவர் என்னென்ன முடிவு செய்தார், எதற்காகச் செய்தார் என்று துருவிப் பார்த்து, அதைத் தம் ஊரில் செய்து பார்ப்பவர்கள் இன்னொரு சாரார். இரண்டில் எது அதிகம் கற்றுத் தருகிறது என்று பார்க்க, அமெரிக்கரான ஆன்செல் ஆடம்ஸ் (1902–1984) எடுத்த இரண்டு கறுப்பு வெள்ளை நிலாப் படங்களை அருகருகே வைக்கலாம்.

முதல் படம் நியூ மெக்சிகோ மாநிலத்தின் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரில் 1941-ல் எடுத்தது. கீழே மண்வீடுகள், ஒரு தேவாலயம், கல்லறைத் தோட்டத்தில் கடைசி வெயில் பட்டு வெளுத்து நிற்கும் சிலுவைகள். தொலைவில் பனிமலைகள், மேகப் பட்டை. அதற்கு மேலே, படத்தின் பாதிக்கும் அதிகமான இடத்தில், கரிய வானம். அதில் சின்னதாக ஒரு நிலவு. இரண்டாவது படம் கலிஃபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில், கிளேசியர் பாயின்ட் என்ற மலைவிளிம்பிலிருந்து எடுத்த ‘இலையுதிர்கால நிலவு’. அதில் ஊரும் இல்லை, ஆளும் இல்லை. அடுக்கடுக்காக மலைகள், அவற்றின்மேல் ஏறிவரும் மாலை நிழல், வளர்பிறை நிலவு, அவ்வளவுதான்.

ஆடம்ஸ் தேதி எழுதிவைப்பதில் அக்கறை காட்டாதவர். ஹெர்னாண்டஸ் படத்துக்கு வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு ஆண்டுகளைச் சொல்லியிருக்கிறார். அதனால் இரண்டு படங்களுக்கும் தேதி கண்டுபிடித்தவர்கள் வானியல் அறிந்தவர்களே. முதலில் ஒருவர் கணக்கிட்டு ஹெர்னாண்டஸ் படம் 1941 அக்டோபர் 31-ல் எடுத்தது என்றார். டென்னிஸ் டி சிக்கோ என்பவர் 1991-ல் அதைத் திருத்தி, நவம்பர் 1 மாலை 4.49 என்று நிறுவினார். யோசெமிட்டி படத்தை டெக்சாஸ் ஸ்டேட் பல்கலைக்கழக ஆசிரியர் டொனால்ட் ஓல்சனும் அவருடைய குழுவினரும் மலைநிழலையும் நிலவின் இடத்தையும் கொண்டு ஆராய்ந்து, 1948 செப்டம்பர் 15 மாலை 7.03 என்று கண்டார்கள்.

இந்தத் தேதிகளைப் பஞ்சாங்கத்தோடு ஒப்பிட்டால் ஒரு பெரிய பாடம் வெளிப்படுகிறது. இரண்டு படங்களுமே பௌர்ணமிக்கு இரண்டு மூன்று நாள் முன்பு எடுத்தவை. பௌர்ணமியன்று சூரியன் விழும்போதுதான் நிலவு எழும். அது கொஞ்சம் உயர்வதற்குள் நிலம் இருண்டுவிடும். நிலவுக்குச் சரியாக எக்ஸ்போஷர் வைத்தால் ஊர் கறுத்துப்போகும், ஊருக்கு வைத்தால் நிலவு வெறும் வெள்ளைப் புள்ளியாகிவிடும். சில நாள் முன்பு என்றால் வெயில் இருக்கும்போதே நிலவு மேலே வந்து நிற்கும். நிலவும் வெயில் படும் பாறைதான் என்பதால், நிலத்தின் வெளிச்சமும் நிலவின் வெளிச்சமும் ஒரு பிலிமுக்குள் அடங்கும். பௌர்ணமியன்று கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. அதை மாற்ற இந்த ஒரு ஒப்பீடே போதும்.

இனி வேறுபாட்டுக்கு வருவோம். யோசெமிட்டி நிலவை மறுபடி எடுக்க முடியும். 19 ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறக்குறைய அதே தேதியில் அதே பிறை வரும். மூன்று சுற்று கூட்டினால் 57. 1948-லிருந்து 57-ஆம் ஆண்டு 2005. அந்த ஆண்டு செப்டம்பர் 15 மாலை நிலவு மறுபடி அதே மலைக்கு மேலே வரும் என்று ஓல்சன் குழு முன்கூட்டியே எழுத, கிளேசியர் பாயின்ட்டில் பெருங்கூட்டம் முக்காலிகளோடு வந்து நின்றது. அந்தப் பயணத்தை நான் குறைத்து மதிக்கமாட்டேன். அதே இடத்தில் நின்றால்தான் ஆடம்ஸ் எவ்வளவு பெரிய காட்சியை வெட்டி எறிந்தார் என்பது தெரியும். கிளேசியர் பாயின்ட்டில் நிற்பவர் கண்ணை முதலில் இழுப்பது ஹாஃப் டோம் என்ற மாபெரும் பாறை. அதை விட்டுவிட்டு வேறு பக்கம் லென்ஸைத் திருப்ப மனத்திடம் வேண்டும்.

ஆனால் வருகிறவருக்கு எந்த இடம், எந்த நாள், எந்த நிமிடம், எந்தத் திசை என்ற நான்கும் முன்பே தீர்ந்துவிடுகின்றன. மிச்சமிருப்பது லென்ஸும் எக்ஸ்போஷரும்தான். அதையும் இன்றைய கேமரா தானே பார்த்துக்கொள்கிறது.

ஹெர்னாண்டஸ் கதை வேறு. சாலை இடம் மாறிவிட்டது; ஆடம்ஸ் நின்ற பழைய சாலையோரம் இன்றைய நெடுஞ்சாலைக்குச் சற்று மேற்கே கிடக்கிறது. மரங்களும் கட்டடங்களும் எழுந்துவிட்டன. அங்கே போய் அந்தப் படத்தை எடுக்க முடியாது. அதனால் அதைப் படிக்க விரும்புகிறவர் ஆடம்ஸ் யோசித்த விதத்தைத்தான் படித்தாக வேண்டும். அதை அவரே விரிவாக எழுதிவைத்திருப்பது நம் பாக்கியம்.

காரை ஓட்டி வரும்போது காட்சியைக் கண்டு, நிறுத்தி, வண்டியின் கூரைமேல் ஏறி, 8-க்கு 10 அங்குலப் பெரிய கேமராவை அவசரமாகப் பொருத்தினார். லைட் மீட்டர் கைக்கு அகப்படவில்லை. சிலுவைகள்மேல் வெயில் விலகப்போகிறது. நிலவின் வெளிச்சம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்கு நினைவில் இருந்தது. நிலவு பிரிண்டில் நல்ல வெளுப்பாக, ஆனால் உள்ளே விவரம் தெரியும்படி வர வேண்டும். அதாவது நடுச்சாம்பலுக்கு இரண்டு ஸ்டாப் மேலே. 250-ஐ இரண்டு முறை பாதியாக்கினால் சுமார் 60. அவர் பின்பற்றிய சூத்திரப்படி அதுவே ஷட்டர் வேகம், 1/60 விநாடி. பிலிமின் வேகம் 64, அதன் வர்க்கமூலம் 8, ஆகவே துவாரம் எஃப் 8. வானத்தைக் கறுக்க அவர் போட்ட ஆழ்ந்த மஞ்சள் ஃபில்டர் மூன்று மடங்கு வெளிச்சம் கேட்கும். ஆக 1/20. கிட்டத்திலிருந்து தூரம்வரை கூர்மை வேண்டி எஃப் 32-க்கு இறக்க, இன்னும் பதினாறு மடங்கு. கணக்கு ஏறத்தாழ ஒரு விநாடியில் வந்து நிற்கிறது. ஒரு விநாடி திறந்தார். இரண்டாவது எடுக்கப் பிலிம் தட்டைத் திருப்பும்போது சிலுவைகள்மேல் இருந்த வெயில் போய்விட்டது.

இதில் நான் வியப்பது வேகத்தை அல்ல. நிலவை அவர் ஆணியாக அடித்துக்கொண்டு, மற்றதெல்லாம் விழும் இடத்தில் விழட்டும் என்று விட்டுக்கொடுத்தார். முன்நிலம் மெல்லிதாகப் பதியக்கூடும் என்று அவர் எண்ணினார். அதனால்தான் நெகடிவை நீர்த்த டெவலப்பரிலும் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்கிக் கழுவினார். அதுவும் போதாமல் 1948-ல் நெகடிவின் கீழ்ப்பகுதியை மட்டும் ரசாயனத்தால் வலுவாக்கினார். ஆரம்பகாலப் பிரிண்டுகளில் மேல்வானத்திலும் மேகக் கீற்றுகள் தெரியும். பிற்காலப் பிரிண்டுகளில் மேல்வானத்தை இருட்டறையில் கறுக்கவைத்துவிட்டார். ஆயிரத்துக்கும் அதிகமான பிரிண்டுகள் போட்டார். ‘அதேபோல எடுக்க வேண்டும்’ என்று கிளம்புகிறவர் இதில் எந்தப் பிரிண்டைப்போல என்று முதலில் முடிவுசெய்ய வேண்டும்.

இந்த யோசனையை நம் ஊருக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? மதுரையிலிருந்து அழகர்கோவில் போகும் சாலையில் நின்று பார்த்தால் கிழக்கே யானைமலை படுத்திருக்கும். மொட்டைப் பாறை. மாலை வெயில் நேராக அதன்மேல் விழும். ஹெர்னாண்டஸைப் படிக்க இதைவிடப் பொருத்தமான பாடசாலை வேண்டியதில்லை. ஆனால் ஆடம்ஸின் எண்களை அப்படியே போட்டால் ஒன்றும் சரிவராது. நியூ மெக்சிகோ உயரமான வறண்ட மேட்டுநிலம், காற்று துல்லியம். மதுரையில் தூசியும் ஈரமும் தாண்டி வரும் தாழ்ந்த நிலவு மங்கல், கொஞ்சம் மஞ்சள். 250 என்ற எண் இங்கே செல்லாது. நாளும் செல்லாது. பூமத்திய ரேகைக்கு அருகே இருப்பதால் நமக்கு நிலவு ஏறக்குறைய செங்குத்தாக ஏறும். பௌர்ணமிக்கு இரண்டு மூன்று நாள் முன்பு என்றால் வெயில் சாயும்போது அது மலைக்கு வெகு மேலே போயிருக்கும். மலையையும் நிலவையும் ஒரே சட்டத்தில் கட்டிவைக்க முடியாது. நமக்குத் தோது பௌர்ணமிக்கு முந்தைய நாள், சதுர்த்தசி. திசையும் மாதத்துக்கு மாதம் நகரும். மார்கழி, தை மாதங்களில் முழுநிலவு கிழக்குக்கு வடக்கே எழும், ஆனி, ஆடியில் தெற்கே. நிற்கும் இடத்தை அதற்கேற்ப மாற்ற வேண்டும்.

எண்கள் எல்லாம் மாறினாலும், நிலவை முதலில் தீர்மானி, பாறையை அது விழும் இடத்தில் விடு, வானத்தை எவ்வளவு கறுக்க வேண்டும் என்று முன்பே நினை என்ற வரிசை மட்டும் அப்படியே நிற்கிறது. டிஜிட்டலில் இது இன்னும் கறாராகப் பொருந்தும். வெளுத்துப்போன நிலவை எந்த மென்பொருளும் மீட்டுத் தராது, இருண்ட பாறையை ஓரளவு தூக்கிவிடலாம். மஞ்சள் ஃபில்டரின் வேலையைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றும்போது நீலத்தைக் குறைத்துச் செய்துகொள்ளலாம்.

லென்ஸ் விஷயத்திலும் ஆடம்ஸ் பேச்சைக் கேட்பது நல்லது. நிலவு என்றாலே நீண்ட டெலி லென்ஸை மாட்டி, மலைமுகட்டில் பெரிய தட்டாக உட்காரவைப்பதுதான் இப்போது வழக்கம். ஹெர்னாண்டஸில் நிலவு அவ்வளவு சின்னது; அதைச் சுற்றி விட்ட வெற்று வானம்தான் அதற்கு எடை கொடுக்கிறது. யானைமலையை முழுதாக உள்ளே வைத்து, மேலே பாதிச் சட்டத்தைக் காலியாக விட்டு ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கை நடுங்கும், இடம் வீணாவதாகத் தோன்றும்.

எனக்கு, எடுத்தவரின் யோசனையைத் தம் ஊரில் செய்து பார்க்கும் இரண்டாவது வழியே மேலானது. கிளேசியர் பாயின்ட்டுக்குப் போக வாய்ப்பு உள்ளவர் தாராளமாகப் போகட்டும். ஆனால் ஹெர்னாண்டஸ் கணக்கைத் தன் ஊர் மலையிலோ ஏரிக்கரையிலோ போட்டுப் பழகியபின் போகட்டும். அப்போது ஆடம்ஸ் முக்காலியை எங்கே ஊன்றினார் என்பதோடு, ஹாஃப் டோமை ஏன் விட்டார், மலைநிழல் எந்த அடுக்குவரை ஏறட்டும் என்று ஏன் காத்திருந்தார் என்றும் அவருக்குக் கேட்கத் தோன்றும்.