கல்லுமலை உச்சிப் புதர்கள்

ஹென்றி ரிட்லி என்ற பெயரை எங்கள் தோட்டத்துப் பெரியவர்கள் கேள்விப்பட்டதில்லை. செம்மோர் பக்கம் என் அப்பா விடியற்காலையில் பால் மரம் வெட்டிய முறை அவர் வகுத்துப் பரப்பியது. மரத்தைச் சாகடிக்காமல் திரும்பத் திரும்பப் பாலெடுக்க வழிகாட்டிய அவர், 1888 முதல் 1912 வரை சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர். மலாயாவின் சுண்ணாம்புக்கல் மலைகளிலும் செடி சேகரித்தவர். அவருக்கு முன்பே ஸ்கோர்ட்டெகினி என்ற இத்தாலியப் பாதிரியார் பேராக் காடுகளில் செடி தேடி அலைந்திருக்கிறார். 1939இல் ஹெண்டர்சன் சுண்ணாம்புக்கல் மலைகளின் தாவரங்களை ஒரே பட்டியலாகத் தொகுத்தார். 1977இல் வெளிவரத் தொடங்கிய சின் சீ சுங்கின் ஆய்வில் அது 1,216 இனங்களாக விரிந்தது.

பேராக்கின் கிந்தா சமவெளிக்கு இப்படிப் பட்டியலிடப்படும் பாக்கியம் இல்லை. ஈயத்துக்குத் தோண்டும் முன்னரோ, ரப்பர் நடும் முன்னரோ, அங்கே என்ன முளைத்து நின்றது என்று எண்ணிப் பார்க்கும் கட்டாயம் எவருக்கும் இருக்கவில்லை. மலைகளிலும்கூட, குடியிருப்புகளுக்கு 3 கிலோமீட்டருக்குள் கல் உடைப்பதென்றால் முதலில் சுற்றுச்சூழல் மதிப்பீடு வேண்டும் என்ற ஆணை 1988இல்தான் நடைமுறைக்கு வந்தது.

தைப்பூசத்துக்குக் குனோங் செரோ கல்லுமலைக் கோயிலுக்குப் போகிறவர்கள் ஒருமுறை அண்ணாந்து பாருங்கள். மண்ணே இல்லாத பாறை வெடிப்புகளில் குட்டைப் புதர்கள் வேர் விட்டிருக்கும். குகை வாசல் ஈரத்தில் மோனோஃபில்லேயா என்றொரு செடி வளரும். முளைக்கும்போது வரும் இரண்டு வித்திலைகளில் ஒன்று நின்றுபோக, மற்றது மட்டும் பெருத்துக்கொண்டே போகும். ஆயுள் முழுக்க அதற்கு அந்த ஓர் இலைதான்.

செம்மோரில் உள்ள குனோங் கந்தானை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. அந்த மலையின் பெயரையே தாங்கிய வாத்திக்கா மரம் ஒன்று உண்டு. 1997இல் ஒரு சிலந்திக்கும் 2014இல் ஒரு பல்லிக்கும் அறிவியலில் அதே பெயர் சூட்டினார்கள். மலையின் ஒரு பக்கத்தை ஏற்கெனவே சிமெண்டுக்காக வெட்டியாகிவிட்டது. வெட்டிய பக்கத்தில் என்ன இருந்ததென்று இனி யாரும் போய்ப் பார்க்க முடியாது.

கணக்கெடுப்பு நடந்தால் போதாது, எப்போது நடக்கிறது என்பதும் முக்கியம். முகட்டுப் பாறையில் வாழும் பாராபோயா வகைச் செடிகள் வெயிலில் சுருண்டு, சருகு போலக் கிடக்கும். நல்ல மழை பெய்தால் அதே இலைகள் விரியும். பூவைப் பார்க்காமல் இனம் பிரிப்பதும் கடினம். வறண்ட வாரத்தில் அடிவாரத்தைச் சுற்றிவிட்டு எழுதும் அறிக்கையில் இவை இடம்பெறவே மாட்டா. மழைக்குப் பிறகும் ஒருமுறை முகடு வரை ஏறிப் பார்த்த அறிக்கை கைக்கு வரும்வரை எந்தக் கல்லுடைப்புக்கும் உரிமம் தரக்கூடாது.